வன்னி வளவில் ஒளியும் வர்ணமும்

வன்னிப் பெருநிலம் பற்றி எழுந்த நூல்களும் அறிக்கைகளும் பல. ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில அதிகாரி 1895ஆம் ஆண்டில் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூல் முதலாக, குளத் திருத்தம், காணிக் குடியேற்றம், காட்டு மரம் என்பன பற்றிய அரசாங்க ஏடுகள் ஈறாக, அவற்றுட் பெரும்பாலானவை அந்நிலத்தை எண்ணியும் அளந்தும் நோக்கியவையே. ஏக்கர் எத்துணை, குளம் எத்துணை, பாலையும் முதிரையும் எத்துணை என்பனவே அவற்றின் கேள்விகள். ஒரு வளவின் முற்றத்திற் காலை ஏழு மணி வெயில் எந்நிறத்தில் விழுகின்றது என்று அவை கேட்கவில்லை. கேட்பது அவற்றின் தொழிலும் அன்று. அக்கேள்வி ஓவியருடையது.

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ சித்திரம் பயிலும் மாணவர் ஒருவர், மனப்பதிவு வாதிகள் எனப்படும் பிரெஞ்சு ஓவியர் கையாண்ட முறையிற் பூந்தோட்டம் ஒன்றைத் தைல வர்ணத்திலே தீட்ட முற்படுகின்றார் என்று கொள்க. அவர் கண்முன் இருப்பது பெரும்பாலும் கிளாட் மோனேயின் தோட்டத்தைக் காட்டும் அச்சுப்படமாகவே இருக்கும். அல்லிப் பொய்கை, வளைந்த பாலம், ஊதா நிறப் புகார். கைத்திறன் உள்ளவர் சில கிழமைகளில் அதனைப் பெயர்த்து வரைந்துவிடுவர். படம் பார்ப்பதற்கு அழகாகவும் இருக்கும். ஆயின் அவர் கற்றது வர்ணப் பூச்சேயன்றி அப்பிரெஞ்சு ஓவியர் கற்ற பாடம் அன்று. அவர்கள் கற்ற பாடம் யாது? தமிழர் வாழும் நிலங்களுக்கு அஃது எவ்வாறு வந்து சேர்ந்தது, அல்லது வாராதொழிந்தது? வன்னியின் வெயிலில் அஃது என்ன வடிவம் பெறல் வேண்டும்? இவை வரலாற்றினின்றும் விடை காணத்தக்க வினாக்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை ஐரோப்பிய ஓவியர் வெளியிடத்திற் சிறு மாதிரிகளை வரைந்து, பெரும்படத்தைத் தம் கூடத்துள் இருந்தே முடித்தனர். அதற்குக் காரணம் மனப்பாங்கு மாத்திரமன்று, பொருளின் இயல்புமாகும். அரைத்த வர்ணத்தை எண்ணெயிற் குழைத்துப் பன்றியின் சிறுநீர்ப்பையிற் கட்டி வைப்பதே அக்கால வழக்கம். பை ஒருமுறை குத்தித் திறக்கப்பட்டால் வர்ணம் விரைவில் இறுகிவிடும். தூரப்பயணத்தில் வெடித்து வீணாவதும் உண்டு. 1841ஆம் ஆண்டில் ஜோன் கொப் றான்ட் என்னும் அமெரிக்க ஓவியர், மூடி திருகித் திறக்கக்கூடிய தகரக் குழாயைக் கண்டுபிடித்தார். இன்று பற்பசை அடைக்கப்படும் குழாயின் முன்னோடி அதுவே. அதன்பின் ஒரு பெட்டியுள் வர்ணங்களை அடுக்கித் தோளில் மாட்டிக்கொண்டு தோட்டத்துக்கோ ஆற்றங்கரைக்கோ போதல் எளிதாயிற்று. அதே காலத்தில் இரசாயனவியலார் புதிய வர்ணங்களையும் தந்தனர். கோபாற்று நீலம் 1802இலும், விலைமிக்க நீலக்கல்லை அரையாமல் ஆக்கப்பட்ட செயற்கை அல்ட்ராமரீன் 1828இலும் தோன்றின. கட்மிய மஞ்சளும் விரிடியன் என்னும் தெளிந்த பச்சையும் அந்நூற்றாண்டின் நடுப்பகுதியிலே கடைகளுக்கு வந்தன.

இன்னுமொன்று. பாரிசு நகரின் கோபெலின் நெசவுச் சாலையிலே சாயப்பகுதியை மேற்பார்த்த செவ்ரூல் என்னும் இரசாயன அறிஞர், கறுப்பு நூல் மங்கலாகத் தோன்றுகின்றது என்ற முறைப்பாட்டை ஆராயப் புகுந்து, குறை சாயத்தில் இல்லை, அருகே கிடந்த நூலின் நிறத்திலேயே உள்ளது என்று கண்டார். ஒரு நிறம் தன் அயல் நிறத்தைப் பொறுத்தே இன்னதெனக் கண்ணுக்குத் தோன்றும் என்னும் அவருடைய நூல் 1839இல் வெளியாயிற்று. சேலைக்குக் கரை தெரியும் நெசவாளர் எவரும் அனுபவத்தால் அறிந்திருந்த உண்மைதான் இது. ஆயினும் ஓவியர் அதனைக் கொள்கையாகப் பற்றிக்கொண்டமை பெரும் விளைவை உண்டாக்கிற்று. நிழல் என்பது கறுப்புக் கலந்த நிறம் அன்று, வெயிலின் மஞ்சளுக்கு எதிராக ஊதாவும் நீலமும் சாயும் தனி நிறம் என்பது அவர் கண்ட முடிபு.

பூந்தோட்டத்தை வெளியில் இருந்தே தீட்டவேண்டும் என்னும் பிடிவாதத்தின் தொடக்கத்தைக் காட்டும் படம் ஒன்று உண்டு. அஃது 1866ஆம் ஆண்டின் கோடையில் மோனே தீட்டத் தொடங்கிய ‘தோட்டத்திற் பெண்கள்’ என்பது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. படத்தின் உயரம் இரண்டரை மீற்றர். அத்துணைப் பெரிய கன்வசின் மேற்பகுதியை எட்டித் தீட்ட ஏணியில் ஏறினால் நோக்குகோணம் மாறிவிடும். ஆகவே தோட்டத்தில் ஓர் அகழி வெட்டி, கப்பியின் உதவியாற் படத்தை அதனுள் இறக்கியும் ஏற்றியும் அவர் வேலை செய்தார். வெயில் மறைந்தபோது தூரிகையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். அங்கு வந்த கூர்பே என்னும் மூத்த ஓவியர், வெயில் வரும்வரை பின்னணியையேனும் தீட்டலாமே என்று கூறியதாகவும், இளையவர் அதற்கு இணங்காததாகவும் ஒரு செய்தி வழங்குகின்றது. மூத்தவர் கூற்றில் உலகியல் அறிவு இருந்தது. ஆயின் பின்னணியும் வெயிலும் இரு வேறு பொருள்கள் அல்ல என்பதே இளையவர் கற்றுக்கொண்டிருந்த பாடம்.

அப்படத்தை 1867இல் அரசாங்கச் சார்புடைய ஆண்டுக் கண்காட்சியினர் ஏற்க மறுத்தனர். உடன் பயின்ற பசீல் என்னும் நண்பர், வறுமையிலிருந்த மோனேக்கு உதவும் பொருட்டு, அதனை 2,500 பிராங்குக்கு வாங்கி, மாதம் 50 பிராங்காகப் பணம் செலுத்தினார். 1921ஆம் ஆண்டில் அதே படத்துக்குப் பிரெஞ்சு அரசு கொடுத்த விலை 2,00,000 பிராங்கு. விலை ஏறிய வரலாறு அத்துணை முதன்மையானதன்று. மறுக்கப்பட்ட காரணமே கவனிக்கற்பாலது. படத்திற் கதைப்பொருள் இல்லாமையையும் தூரிகைத் தடங்கள் வெளிப்படத் தெரிவதையும் நடுவர் குறையாகக் கொண்டனர். வெள்ளைச் சட்டையின்மேல் விழுந்த இலைநிழலோ அப்படத்தில் நீலமாக உள்ளது.

1874 ஏப்பிரில் 15ஆம் நாள், நடார் என்னும் புகைப்படக் கலைஞர் முன்னர்த் தொழில் நடத்திய கூடத்தில், மோனே, றெனுவார், பிசாரோ, சிஸ்லி, தெகா, பேர்த் மொரிசோ முதலியோர் தம் படங்களைத் தாமே காட்சிக்கு வைத்தனர். மோனேயின் துறைமுகக் காலைப்படம் ஒன்றின் பெயரைப் பிடித்து லூயி லெருவா என்னும் பத்திரிகையாளர் ஏளனமாக இட்ட பெயரே பின்னர் அவ்வியக்கத்துக்கு நிலைத்தது. 1886 வரை எட்டுக் கண்காட்சிகள் நடந்தன. மோனே 1883இல் ஜிவேர்ணி என்னும் சிற்றூரிற் குடியேறி, 1893இல் அயற்காணியை வாங்கிப் பொய்கை அமைக்க முற்பட்டார். அவர் கொணர்ந்த அயல்நாட்டு நீர்ச்செடிகள் ஆற்றுநீரைக் கெடுத்துவிடும் என்று ஊரவர் அஞ்சி எதிர்த்தனர் என்பதும் சுவையான செய்தி. அப்பொய்கையை அவர் 1926இல் இறக்கும்வரை தீட்டினார். கண்ணிற் படலம் வளர்ந்து நிறங்கள் மயங்கிய காலத்தும், 1923இற் சத்திரசிகிச்சை பெற்ற பின்னரும், அவ்வேலையை அவர் விடவில்லை.

தமிழ்நிலத்துக்குப் பொய்கைச் சித்திரம் புதியது அன்று. புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசலிற் சமணர் குடைவரையின் விதானத்தில் ஒன்பதாம் நூற்றாண்டளவில் எழுதப்பட்ட தாமரைத் தடாகம், மீனும் பறவையும் யானையும் மலர்கொய்வோரும் நிறைந்து இன்றும் காணக் கிடைக்கின்றது. ஆயின் அத்தடாகத்திற் காலையும் இல்லை, மாலையும் இல்லை. எப்பொருளும் நிழல் வீழ்த்தவில்லை. அஃது என்றுமுள்ள தடாகம். ஜிவேர்ணிப் பொய்கையோ ஒரு நாளின் ஒரு மணிக்கே உரியது. இவ்விரண்டினுள் உயர்ந்தது எது என்று வழக்காடுதல் பயனற்றது. வேறுபாட்டை உணர்தலே வேண்டுவது.

தைல வர்ணம் தென்னாட்டுக்கு வந்த வரலாறு, பொருளைக் கற்பதற்கும் நோக்கைக் கற்பதற்கும் உள்ள தூரத்தை நன்கு காட்டுகின்றது. கிளிமானூரிற் பிறந்த இரவிவர்மா 1862இல், தம் பதினான்காம் வயதிலே, திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தார். அங்கே தைல வர்ணம் அறிந்தவர் மதுரையைச் சேர்ந்த இராமசுவாமி நாயக்கர். தம் தொழில் மருமத்தை இளைஞருக்குக் கற்பிக்க அவர் விரும்பவில்லை. நாயக்கரிடம் பயின்ற ஆறுமுகம்பிள்ளை என்பவரே, ஆசிரியர் அறியாமல், இரவு வேளைகளில் இரவிவர்மாவுக்கு வர்ணம் குழைக்கும் முறையைக் கற்பித்தார் என்று இரவிவர்மாவின் வாழ்க்கை வரலாற்றாளர் கூறுவர். 1868இல் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியரும் கற்பிக்க மறுத்து, தாம் தீட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்க மாத்திரமே இசைந்தார். விளக்கொளியிற் கற்ற கலை, பார்த்துக் கற்ற கலை இது. வெயிலிற் கற்றதன்று.

காலவொற்றுமை ஒன்று ஈண்டு நோக்கத்தக்கது. பாரிசில் முதற் கண்காட்சி ஏளனத்துக்கு ஆளான அதே 1874ஆம் ஆண்டிலே, தமிழ்ப்பெண் ஒருத்தி சுரபத்து என்னும் நரம்புக் கருவியை இசைக்கும் இரவிவர்மாவின் தைல ஓவியம் சென்னையிற் பாராட்டுப் பெற்றது. பட்டின் பளபளப்பும் பொன்னின் மினுக்கும் அதில் வியக்கத்தக்கவாறு அமைந்துள்ளன. அவற்றின்மேல் விழும் ஒளியோ ஐரோப்பியக் கூடத்தின் ஒளி. தென்னாடு தைல வர்ணத்தைப் பெற்றுக்கொண்ட வேளையில், அதனைத் தந்த ஐரோப்பாவின் இளைஞர் சிலர் அக்கூடத்தை விட்டு வெளியேறிவிட்டனர் என்பதே இதன் பொருள். இரவிவர்மாவின் இளவல் இராஜராஜவர்மா (1860–1905) நிலக்காட்சியில் நாட்டமுடையவர், நாட்குறிப்பும் எழுதியவர். தமையனின் புகழ் நிழலில் அவர் வேலை பெரிதும் பேசப்படாது போயிற்று. அவர் இன்னும் இருபது ஆண்டுகள் வாழ்ந்திருப்பின் தென்னாட்டு நிலக்காட்சி ஓவியம் வேறு வழியிற் சென்றிருக்கலாம் என்று கருத இடமுண்டு.

இலங்கையில் வெளியிடத்திற் தைல வர்ணம் கொண்டு தோட்டம் தீட்டியவருள் முன்னிற்பவர் மேரியன் நோத் என்னும் ஆங்கிலப் பெண்மணி. உலகெங்கும் தனியே பயணம் செய்து தாவரங்களைத் தீட்டிய அவர், 1876ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கை வந்து, பேராதனைப் பூங்காவிலும், களுத்துறையிற் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமறூனின் இல்லத்திலும் தங்கி வரைந்தார். அவருடைய 800க்கு மேற்பட்ட படங்கள் இலண்டன் கியூ பூங்காவில் 1882இற் திறக்கப்பட்ட காட்சிக்கூடத்தில் உள்ளன. அவர் இலையை இலையாகவும் காயைக் காயாகவும் அறிந்து தீட்டியவர். தாவரவியலார் அவரை நம்புவர். மனப்பதிவு வாதி ஒருவர் அதே பலாமரத்தைத் தீட்டியிருப்பின், எந்தச் சாதி மரம் என்று தாவரவியலார் மயங்கியிருப்பர். எத்தனை மணி என்று எவரும் சொல்லியிருப்பர். மேரியன் நோத்தும் வன்னிப்பக்கம் வரவில்லை. அந்நாளிற் கொழும்பிலிருந்து வடக்கே செல்லும் பயணம் காட்டுவழிப் பயணம். காய்ச்சலுக்கு அஞ்சி விரைந்து கடக்கப்பட்ட நிலம் வன்னி. வடபகுதிப் புகையிரதப் பாதை 1905இற் பூர்த்தியான பின்னரும், வவுனியாவும் கிளிநொச்சியும் யாழ்ப்பாணம் போவோர் சன்னலூடாகக் காணும் நிலையங்களாகவே பலருக்கு இருந்தன.

இலங்கையின் ஓவியக் கல்வியிற் புதுமை புகுந்தது சார்ள்ஸ் பிறீகுறோவ் வின்சர் 1920இற் கலைப் பரிசோதகராக வந்தபின்னர். ஐரோப்பிய நவீன ஓவியத்தை நேரில் அறிந்தவர் அவர். ஜோர்ஜ் கீற், ஜெப்ரி பீலிங் முதலிய இளைஞர் அவரால் ஊக்கம் பெற்றனர். பீலிங் பின்னர்த் தாமும் கலைப் பரிசோதகராகி யாழ்ப்பாணத்திற் கடமையாற்றியபோது, 1938இல், வின்சரின் பெயரால் ஓவியக் கழகம் ஒன்றை அமைத்தார். எஸ். ஆர். கனகசபை முதலிய தமிழ் ஓவியாசிரியர் அதிற் கூடினர். 1943 ஓகஸ்ட் 29இற் கொழும்பில் லயனல் வென்ட்டின் முயற்சியால் ‘43 குழு’ தோன்றியது. அக்குழுவின் படைப்புகள் 1952இல் இலண்டனிலும் 1953இற் பாரிசிலும் காட்சிக்கு வைக்கப்பட்டமை இலங்கை ஓவியத்துக்குக் கிடைத்த பெருமை. குருநகரிற் பிறந்த அ. மாற்கு (1933–2000) யாழ்ப்பாணத்தில் அவ்வழியை மேலும் வளர்த்தார். விடுமுறைக்கால ஓவியர் கழகம் என ஒன்றை அமைத்து, மாணவர் பலரைத் தம் வீட்டுச் சூழலிற் பயிற்றுவித்தார். தைலம், நீர்வர்ணம், ஒட்டுச்சித்திரம் என அவர் கையாளாத ஊடகம் சிலவே.

இவ்வரலாற்றில் ஓர் இடைவெளி உண்டு. அது போதிய கவனம் பெறவில்லை. கீற் முதலியோர் ஐரோப்பாவிலிருந்து பெற்றது பெரும்பாலும் செசானுக்குப் பின்வந்த ஓவியம். மத்தீசும் பிக்காசோவும் காட்டிய வழி. சென்னையிலும் ஏறத்தாழ இவ்வாறே. கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977) இளமையில் மலையாளத்துக் கால்வாய்களை நீர்வர்ணத்தில் ஒளிததும்பத் தீட்டியவர். ஆயினும் அவருடைய ‘தோட்டம்’ என்னும் படவரிசை வான்கோவுக்கும் பின்வந்த நோக்கிலே எழுந்தது. 1963 அளவில் அவர் எழுத்தும் குறியும் நிறைந்த வேறோர் உலகுக்குப் போய்விட்டார். ஆகவே, இரவிவர்மாவின் கூடத்து ஒளியிலிருந்து நவீனரின் கட்டமைந்த வடிவத்துக்குத் தமிழர் ஓவியம் ஒரே தாவாகத் தாவிற்று என்பது பெருமளவுக்குப் பொருந்தும். இடையிலுள்ள படி, அதாவது தன் வளவில் தன் வெயிலைப் பல்லாண்டு பொறுமையாகப் பயிலும் படி, சிலராலேயே மிதிக்கப்பட்டது. நவீனரைக் குறை கூறுவதற்காக இது சொல்லப்படவில்லை; அவர்கள் தம் காலத்தின் கேள்விக்கு விடை கண்டனர். ஆயின் பிரான்சு நாட்டில் நவீனருக்கு முன்னே அப்படி இருந்தது. பிசாரோவின் அருகிருந்து நிலக்காட்சி பயின்றவரே செசான். இங்கே அப்படி இல்லாமையால், நிலத்தின் ஒளி பற்றிய அறிவு ஓவியத்திற் சேமிக்கப்படாமலே போயிற்று. யாழ்ப்பாணத்தினும் வன்னிக்கு இவ்விழப்பு பெரிது.

இத்தனைக்கும் அப்பாடத்தின் அடிப்படை தமிழ் மரபுக்கு அயலானதன்று. தொல்காப்பியர் முதற்பொருள் என்றது நிலமும் பொழுதும் ஆகிய இரண்டையுமே. நிலத்தைக் கூறிப் பொழுதைக் கூறாதவழிப் பாட்டு நிறைவெய்தாது. காடும் காடு சார்ந்த இடமுமாகிய முல்லைக்கு அவர் வகுத்த பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை. வன்னி காடு சார்ந்த நிலம். அதன் கீழ்க்கரையில் உள்ள நகர் முல்லையின் பெயரையே தாங்கியுள்ளது. வன்னியின் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவதால், ஆவணி புரட்டாதி எனும் இலக்கணக் கார் அங்குச் சற்றுப் பிந்துகின்றது. ஆயினும் மழைக்காலமும் மாலையுமே அந்நிலத்தின் உயிர்ப்பொழுது என்பதனைத் தூரிகையேந்தியவர் வேறொரு வழியால், சூரியனின் நிலையால், அறிந்துகொள்வர்.

கிளிநொச்சி வட அகலக்கோடு ஒன்பதரைப் பாகையை ஒட்டியது. ஜிவேர்ணி 49 பாகை. மார்கழி நண்பகலில் ஜிவேர்ணியிற் சூரியன் அடிவானத்திலிருந்து பதினெட்டுப் பாகைகூட உயர்வதில்லை. அங்கே பகல் முழுதும் நிழல் நீண்டு கிடக்கும். கிளிநொச்சியில் அதே நாளிற் சூரியன் 57 பாகைக்குக் குறையாமல் நிற்கும். சித்திரைப் பிறப்பை ஒட்டிய நாள்களிலோ உச்சிக்கு நேரே நின்று, தென்னையின் நிழலைத் தென்னையின் அடியிலேயே வட்டமாக ஒடுக்கிவிடும். அவ்வேளையில் வளவைத் தீட்ட முயல்வோர்க்கு உருவம் பிடிபடாது. இலைகளின் மேற்பரப்பு வெளிறி, கீழ்ப்பரப்புக் கறுத்து, நடுவண் நிறம் அற்றுப்போகும். மோனே ஒரு வைக்கோற் போரைக் காட்ட நாள்முழுதும் கன்வசை மாற்றி மாற்றி வைத்தார். வன்னியில் அவ்வாறு செய்தற்குரிய நேரம் காலை ஆறரை முதல் எட்டரை வரையும், மாலை நான்கு முதல் ஆறு வரையுமே. பொழுது சாய்ந்தபின் அந்திவெளிச்சம் அரைமணிக்குள் அடங்கிவிடும். ஆகவே ஒரு படத்துக்கு ஓர் அமர்வில் ஒன்றரை மணித்தியாலம் கிடைப்பதே அரிது. அடுத்த நாள் அதே மணிக்கு மீண்டும் வரல் வேண்டும்.

ஐரோப்பிய நூல்கள் ஓவியக் கூடத்துக்கு வடக்குச் சன்னல் சிறந்தது என்று விதிக்கும். அங்கே வடக்கிலிருந்து வெயில் நேரே புகாது. ஒளி ஒரே சீராக இருக்கும். இலங்கையிலோ சித்திரை நடுப்பகுதி முதல் ஆவணி நடுப்பகுதி வரை நண்பகற் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். நூலை நம்பி வடக்குச் சன்னலருகே அமர்ந்தவரின் கன்வசில் ஆனி மாத வெயில் விழும். நூலிற் கற்றதை நிலத்திற் சோதித்தே கொள்ளவேண்டும் என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை.

இனிச் செய்ம்முறை. மோனே தம் முதுமையில் ஆறு வர்ணங்களைக்கொண்டே பெரும்பாலும் தீட்டியதாகக் கூறியுள்ளார்: ஈயவெள்ளை, கட்மிய மஞ்சள், இங்குலிகச் சிவப்பு, மஞ்சிட்டிச் சிவப்பு, கோபாற்று நீலம், பச்சை. கறுப்பு இல்லை. ஈயவெள்ளை நஞ்சாதலின் இக்காலத்தார் டைற்றேனிய வெள்ளையைக் கொள்வர். வன்னிக்கு இவற்றோடு செங்காவி ஒன்று தவிர்க்கமுடியாதது. ஏனெனில் அங்கே மண் தானே ஒளிவிடும். செம்மண் முற்றத்திற் பட்டுத் தெறிக்கும் வெயில் வெள்ளைச் சுவரின் அடிப்பகுதியையும் வாழையிலையின் கீழ்ப்புறத்தையும் இளஞ்சிவப்பாக்கும். ஜிவேர்ணியின் புல்வெளி நிழலை நீலமாகக் கண்டவர், வன்னி முற்றத்து நிழலையும் அதே நீலத்திற் பூசினாற் படம் பொய்யாகும். வானத்தைப் பார்க்கும் நிழல் நீலமே. மண்ணைப் பார்க்கும் நிழல் செந்நிறம் சாரும். ஒரே வாழைமடலில் இரண்டையும் காணலாம்.

பச்சையே தொடக்கநிலை மாணவர் இடறும் இடம். குழாயிலிருந்து எடுத்த பச்சை எந்த இலைக்கும் உரியதன்று. கிளுவை வேலியின் பச்சை மஞ்சளித்தது. மாவிலையின் பச்சை நீலம் கலந்து வானத்தைப் பிரதிபலிப்பது. முருங்கையின் பச்சை சாம்பல் பூத்தது. நீலத்தையும் மஞ்சளையும் அளவு மாற்றிக் கலந்து, சிறிது சிவப்பால் அடக்கினால் இவை ஒவ்வொன்றும் வரும். கண்ணைச் சற்றுச் சுருக்கி நோக்கினால் இலைகள் மறைந்து ஒளித்திரளும் நிழற்றிரளும் மாத்திரம் தோன்றும். அவற்றையே அகன்ற தூரிகையால் முதலில் இடவேண்டும். நிழலை மெல்லியதாகவும் ஒளியைத் தடிப்பாகவும் இடுதல் முறை. செவ்வரத்தையும் நித்தியகல்யாணியும் போகன்விலாவும் இறுதியில் வருவன. பூவிலிருந்து தொடங்குவோர் படத்தை முடிப்பதில்லை. மோனேயின் அல்லியைப்போலவே போகன்விலாவும் கடல்கடந்து, தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. வேலியோரம் அது பூத்து நிற்பதைக் காண்பவர் எவரும் அதனை அயலது என்று எண்ணுவதில்லை.

தைல வர்ணம் நீர்வர்ணம்போல ஆவியாகி உலர்வதன்று. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்று இறுகுவது. ஆதலால் அடிப்பூச்சில் எண்ணெய் குறைந்தும் மேற்பூச்சில் மிகுந்தும் இருத்தல் வேண்டும். மாறினால் வெடிப்பு உண்டாகும். வன்னியின் வைகாசிக் காற்றில் இரண்டு நாளில் இறுகும் பூச்சு, கார்த்திகை ஈரத்திற் கிழமைக்கணக்கில் இழுபடும். கன்வசின் பின்புறத்திற் பூஞ்சணமும் பிடிக்கும். சட்டத்தைக் கறையான் தின்பது பற்றிப் பிரெஞ்சு நூல்கள் எச்சரிப்பதில்லை.

இவ்வாறு பயிலப்படவேண்டிய வளவுகளே வன்னியிற் பெரும்பாலும் அழிந்துபோயின என்பதை இவ்வரலாறு விலக்கமுடியாது. 1902இற் தொடங்கி 1920 அளவில் முடிந்த இரணைமடுக் குளமும், 1936இல் அமைந்த கிளிநொச்சிக் குடியேற்றமும், அதன்பின் வந்த குடியேற்றங்களும் காட்டின் நடுவே வளவுகளை உண்டாக்கின. ஒரு தலைமுறை நட்ட மாவும் பலாவும் அடுத்த தலைமுறைக்கு நிழல் தந்தன. 1995 ஒக்ரோபர் 30இன் பின் யாழ்ப்பாணத்து மக்கள் பெருந்தொகையினராய் வன்னிக்குள் வந்தபோது அம்மரநிழல்களிலே பாடசாலைகள் நடந்தன. அவ்விடப்பெயர்விலே மாற்குவின் படங்களுட் பலவும் இழக்கப்பட்டன. பின்னர் 2009 ஜனவரி 2இற் கிளிநொச்சி வீழ்ந்து, மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிற் போர் முடிந்தபோது, வன்னி மக்கள் ஏறத்தாழ முழுமையாகத் தம் வளவுகளை விட்டு நீங்கியிருந்தனர். பதுங்குகுழிக்குத் தறிக்கப்பட்ட பனையும் எறிகணையில் தலை இழந்த தென்னையும் எண்ணில. செட்டிகுளத்து முகாம்களிலிருந்து இறுதிக் குடும்பங்கள் வெளியேறியது 2012 செப்ரெம்பரில்.

அவ்வளவுகள் இருந்த காலத்தில் அவற்றின் காலையொளியை எவரேனும் தைலத்திற் பதிந்திருப்பின், அப்படங்கள் இன்று கலைப்பொருள் மாத்திரமாக இரா. ஒரு நிலத்தின் சாட்சியங்களாகவும் இருந்திருக்கும். லூயிஸின் நூலிற் குளங்களின் கணக்கு உண்டு. தென்னந்தோப்பின் மஞ்சள் எத்தகையது என்பது அதில் இல்லை. புகைப்படங்களோ, இருந்தவையும், வீட்டோடு போயின.

மீளக் குடியமர்ந்தோர் நட்ட மாங்கன்றுகள் இப்போது கூரைக்கு மேலே வளர்ந்து, கிணற்றடிக்கு நிழல் கொடுக்கத் தொடங்கியுள்ளன. இளமரத்தின் நிழல் முதுமரத்தின் நிழலைப்போல் அடர்ந்ததன்று. அதனூடாகப் பெருமளவு வெயில் ஒழுகும். நிலத்தில் விழும் ஒளிப்பொட்டுகள் பெரியனவாகவும் ஓரம் மங்கியனவாகவும் இருக்கும். அவற்றிடையே, பிழைத்து நிற்கும் பழைய தென்னைகள் சிலவற்றின் அடிமரத்தில் எறிகணைத் துண்டு பாய்ந்த வடுக்கள் உள்ளன. காலை ஏழு மணிக்குக் கிழக்கிலிருந்து சாய்ந்து வரும் வெயில் அவ்வடுவின் ஒரு விளிம்பிற் செம்மஞ்சளாகவும் உட்குழியில் ஊதாவாகவும் விழும். பத்து மணிக்கு வெயில் மேலேறியபின் வடுவும் மரப்பட்டையும் ஒரே சாம்பல் நிறமாகிவிடுகின்றன.